பத்தாவது போதுமாம்!

எங்க சித்தி பையனுக்கு 16 வயசு. போலீஸ் ஆகணும்னு விடியக்காலைல எழுந்து கிரவுண்டுல ஓடறான். நல்ல விஷயம். ஆனா "கான்ஸ்டபிளுக்குப் பத்தாவது போதும்ணே, ப்ளஸ் ஒன் எதுக்கு?"ன்னு கேக்கறான். அங்கதான் எனக்கு இடிக்குது.

சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் பத்தாவதுதான் கேக்குது, வாஸ்தவம். ஆனா 18 முடியாம விண்ணப்பமே போட முடியாது. ஆம்பளப் பசங்க 1500 மீட்டரை 7 நிமிஷத்துல ஓடணும். அதுக்கு தினமும் காலைல ஒரு மணி நேரம் ஒதுக்கினா போதாதா? ரெண்டு வருஷப் படிப்பையே விடணுமா?

உயரம் 170 செ.மீ. வேணும் (எஸ்.சி., எஸ்.டி.க்கு 167). அது நம்ம கையில இல்லீங்க. ரெண்டு செ.மீ. குறைஞ்சா, எவ்வளவு வேகமா ஓடினாலும் வெளியேதான். அன்னைக்குக் கையில பத்தாவது சர்டிபிகேட் மட்டும் இருந்தா என்ன பண்றது?

எழுத்துத் தேர்வும் இருக்கு. 2022லேர்ந்து தமிழ்த் தகுதித் தேர்வுல 40 சதவீதம் வாங்கினாதான் மேற்கொண்டு பேச்சே. எஸ்.ஐ. ஆகணும்னா டிகிரி வேணும். என்.சி.சி. சர்டிபிகேட்டுக்குத் தனி மார்க் உண்டு. அதுவும் ஸ்கூல், காலேஜ்ல இருந்தாதான் கிடைக்கும்.

தம்பிங்களா, தாராளமா ஓடுங்க. ஓடி முடிச்சிட்டு ஸ்கூலுக்கும் போங்க.