தாடை வலிக்கு மனநல ஆலோசகரா? பல் மருத்துவர் அப்படிச் சொல்வது ஏன்?

மாதக்கணக்கில் தாடை வலி. பல் மருத்துவரிடம் போனால், "மனநல ஆலோசகரையும் பாருங்க" என்கிறார். 'அப்போ வலி எல்லாம் என் கற்பனையா?' என்று கோபம் வரலாம்.

கற்பனை இல்லை. வலி நிஜம்.

இது என்ன பிரச்சினை?

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். அசைவது தாடை மூட்டு. அதிலோ அதை இயக்கும் தசைகளிலோ வரும் கோளாற்றை 'டிஎம்டி' என்பார்கள். உலகில் பெரியவர்களில் 6 முதல் 9 விழுக்காட்டினருக்கு அது இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. வலி 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி.

மனத்துக்கும் தாடைக்கும் என்ன தொடர்பு?

டென்ஷனில் பலர் தங்களுக்கே தெரியாமல் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்பார்கள். தசை களைத்து வலிக்கும். வலியால் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் வலி இன்னும் கூடும். இந்தச் சுழலை ஒரு பக்கம் மட்டும் பிடித்து நிறுத்துவது கஷ்டம்.

அதனால்தான் 2014இல் வெளியான அனைத்துலகப் பரிசோதனை முறை, மூட்டையும் தசையையும் சோதிப்பதோடு மனச்சோர்வு, பதற்றம் பற்றியும் கேட்கச் சொல்கிறது.

எது கைகொடுக்கும்?

2023 டிசம்பரில் 'பிஎம்ஜே' மருத்துவச் சஞ்சிகை வெளியிட்ட வழிகாட்டி வலுவாகப் பரிந்துரைப்பவற்றில் சில:

- வலி பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் 'சிபிடி' உளவியல் சிகிச்சை
- நிபுணர் மேற்பார்வையில் தாடைப் பயிற்சி
- இறுகிய தசையைக் கையால் தளர்த்தும் சிகிச்சை

பலர் முதலில் கேட்கும் பல் தகடும் போட்டாக்ஸ் ஊசியும் அந்தப் பட்டியலில் இல்லை. நாள்பட்ட வலிக்கு அவற்றைத் தவிர்ப்பதே நல்லது என்கிறது வழிகாட்டி. ஆனால் தூக்கத்தில் பல் தேயாமல் காக்கத் தகடு உதவலாம்.

அப்போ பல் மருத்துவர் எதுக்கு?

சொத்தைப் பல், விரிசல், ஞானப்பல், கிருமித்தொற்று ஆகியவையும் தாடை வலி தரும். அவை இல்லை என்று உறுதிசெய்வது அவர்தான். சிங்கப்பூரில் பலதுறை மருந்தகப் பல் மருத்துவரிடம் தொடங்கலாம். தேவைப்பட்டால் அவர் தேசியப் பல் மருத்துவ நிலையத்துக்கு அனுப்புவார்.

இன்றே என்ன செய்யலாம்?

உதடுகள் மூடியிருக்கட்டும், பற்கள் ஒட்டாமல் இருக்கட்டும். கைப்பேசியில் நினைவூட்டல் வைத்து அடிக்கடி கவனியுங்கள். வாய் திறக்கவோ மூடவோ முடியாமல் பூட்டிக்கொண்டால் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவரைப் பாருங்கள்.

பல்லைச் செதுக்கவோ அறுவை சிகிச்சைக்கோ யாராவது பரிந்துரைத்தால், ஒரு கேள்வி கேளுங்கள்: "திரும்ப மாற்ற முடியாத சிகிச்சைக்கு முன்னால், மற்றதை எல்லாம் முயற்சி பண்ணியாச்சா?"