பில்லில் பிளக்கின் எண் இருக்கட்டும்

சென்னையை அடுத்த ஒரகடத்தில் தயாராகும் நிசான் மேக்னைட் காருக்கு இரண்டு இன்ஜின்கள். இரண்டும் 999 சிசி, இரண்டிலும் மூன்று சிலிண்டர். டர்போ இல்லாத இன்ஜின் 72 குதிரைத்திறனும் 96 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. மேனுவல் கியருடன் வரும் டர்போ இன்ஜின் தருவது 100 குதிரைத்திறன், 160 நியூட்டன் மீட்டர். சிலிண்டரின் அளவு மாறவில்லை. உள்ளே நடக்கும் வேலைதான் கூடிவிட்டது. அந்த நெருப்புக்குள் நுனியை நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பார்க் பிளக் எதையெல்லாம் தாங்க வேண்டும் என்பதைக் கார் வாங்குகிறவர்கள் கேட்பதில்லை. விற்பவர்களும் சொல்வதில்லை.

நான்கு மீட்டர் நீளத்துக்கும் 1200 சிசிக்கும் மிகாத பெட்ரோல் கார்களுக்கு இந்தியாவில் வரி குறைவு. அந்த வரம்புக்குள்ளேயே வேகம் காட்ட நிறுவனங்கள் டர்போவை நாடின. நெக்ஸான், வென்யூ, ஃப்ரான்க்ஸ் என்று சிறிய டர்போ கார்கள் தெருவுக்குத் தெரு வந்துவிட்டன. பிளக் மாற்றும் பழக்கம் மட்டும் பல இடங்களில் பழையபடியே இருக்கிறது. மரை பொருந்தினால் போதும் என்று கடையில் கிடைப்பதைப் போடுகிறவர்கள் ஒருபுறம்; விலை உயர்ந்த பிளக் போட்டால் பிக்கப் கூடும் என்று நம்புகிறவர்கள் மறுபுறம். இரண்டுமே டர்போ இன்ஜினுக்குக் கேடு.

முதலில் இடைவெளி, அதாவது பிளக்கின் இரு மின்முனைகளுக்கு நடுவே பொறி தாண்ட வேண்டிய தூரம். டர்போ காற்றை அழுத்தித் திணிப்பதால், பொறி பறக்க வேண்டிய நேரத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் மிக அதிகம். அழுத்தம் கூடக் கூட, அதே இடைவெளியைத் தாண்டப் பொறிக்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவை. டர்போ இல்லாத பல இன்ஜின்களில் பிளக்கின் இடைவெளி 1 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். டர்போ இன்ஜின்களில் அது பெரும்பாலும் 0.7, 0.8 என்று குறைவதற்குக் காரணம் இதுதான். இடைவெளி அதிகமான பிளக்கைப் போட்டாலும் பட்டறையில் நின்றபடி இன்ஜின் சீராகத்தான் ஓடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதோ, நெடுஞ்சாலையில் லாரியை முந்த ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதோதான் வண்டி மிஸ் அடிக்கும். இழுவை வேண்டிய நொடியில் இழுவை போவது ஆபத்து. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய் அங்கே எரிந்தால், பிளக்கைவிடப் பல மடங்கு விலையுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் கெடும்.

அடுத்தது ஹீட் ரேஞ்ச், அதாவது பிளக் தன் நுனியின் சூட்டை எவ்வளவு விரைவாக வெளியே கடத்துகிறது என்பது. நுனியின் சூடு ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸை எட்டாவிட்டால் கரி படியும். 850, 900 டிகிரியைத் தாண்டினால் நுனியே தணல்போலக் கனன்று, பொறி வருவதற்கு முன்பே கலவையைப் பற்றவைத்துவிடும். டர்போ இன்ஜினில் அப்படி முந்திப் பற்றும் கலவை பிஸ்டனையே உடைக்கக்கூடும். அதனால்தான் இவ்வகை இன்ஜின்களுக்குச் சூட்டை வேகமாகக் கடத்தும் ‘குளிர்’ பிளக்கைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இங்கே ஒரு கண்ணி காத்திருக்கிறது. என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் பிளக் குளிரானது. போஷ் பிளக்கில் எண் கூடினால் சூடானது. என்ஜிகேயில் 6-ஐவிட 7 குளிரானது, போஷில் 7-ஐவிட 6 குளிரானது. பிராண்டை மாற்றும்போது எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவர், தேடியதற்கு நேர்மாறானதை வாங்கிவிட முடியும். கடைக்காரர் ‘இதுவும் அதுவும் ஒன்றுதான்’ என்றால், அந்த நிறுவனத்தின் பொருத்தப் பட்டியலில் காரின் பெயரும் இன்ஜினும் இருப்பதைப் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

இரிடியம் பற்றிய மயக்கமும் தெளிய வேண்டும். நிக்கல் 1455 டிகிரியில் உருகும், பிளாட்டினம் 1768-இல், இரிடியம் 2446-இல். உருகாமலும் தேயாமலும் நிற்பதால் இரிடியத்தின் நுனியை அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லியதாக்க முடிகிறது. மெல்லிய நுனியில் குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி வரும். டர்போவுக்கு அது பெரிய உதவி. ஆனால் அது தருவது நீண்ட ஆயுளும் தவறாத பொறியும்தான், கூடுதல் குதிரைத்திறன் அல்ல. நிறுவனம் இரிடியம் கேட்கும் இன்ஜினில் செலவை மிச்சப்படுத்த நிக்கல் பிளக் போட்டால், அது விரைவில் தேய்ந்து இடைவெளி விரியும், இக்னிஷன் காயிலுக்குச் சுமை ஏறும்.

ரீமேப் செய்து, அதாவது இன்ஜினின் கணினி நிரலை மாற்றி, டர்போவின் அழுத்தத்தைக் கூட்டிய கார்களின் கதை வேறு. 75 முதல் 100 குதிரைத்திறன் வரை கூட்டினால் ஒரு படி குளிரான பிளக் என்பது என்ஜிகே சொல்லும் பொதுக் கணக்கு. நிறுவனம் தந்தபடியே ஓடும் காருக்கு, அதுவும் தினம் நகருக்குள் குறுகிய தூரம் ஓடும் காருக்கு, அந்தப் பிளக்கைப் போட்டால் கரி படிந்து காலையில் ஸ்டார்ட் ஆவதே சிரமமாகும்.

பொருத்தும் கையும் முக்கியம். ஆறிய இன்ஜினில், முதலில் விரலால் மரையேற்றி, பிறகு டார்க் ரென்ச்சால் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். கீழே விழுந்த பிளக்கின் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். அதைப் போடக் கூடாது.

இதையெல்லாம் கார் உரிமையாளர் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சர்வீஸ் பில்லில் ‘ஸ்பார்க் பிளக் 3’ என்று மட்டும் எழுதும் வழக்கம் போதாது. பிராண்ட், பிளக்கின் முழு எண், மாற்றியபோது வண்டி ஓடியிருந்த கிலோமீட்டர் மூன்றும் பில்லில் வர வேண்டும். கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசைப்படி உரிமையாளரிடம் தர வேண்டும். மூன்றும் வெளிர் பழுப்பாக இருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் கறுத்திருந்தால் அந்தச் சிலிண்டரின் காயிலையும் இன்ஜெக்டரையும் அன்றே பார்க்கச் சொல்லலாம். தமிழ்நாட்டிலேயே டர்போ கார்களைத் தயாரித்து இங்கேயே விற்கும் நிறுவனங்கள், பிளக்கின் எண்ணையும் இடைவெளியையும் மாற்ற வேண்டிய கிலோமீட்டரையும் பானெட்டின் உட்புறம் தமிழில் ஒரு ஸ்டிக்கராக ஒட்டித் தரலாம்.