பழைய கதவுக்குப் புதிய கதவின் விலை

இரண்டு மழைக்காலம் கழித்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. என் வெள்ளி நிறக் காரின் இடது முன்கதவில், கீலுக்குப் பக்கத்தில் பெயின்ட் உரிந்து சிவப்பு தலைகாட்டியது. விபத்துக்குப் பிறகு புதிதாக மாட்டியதாகச் சொல்லப்பட்ட கதவு அது. பில்லில் அதன் விலை 19,000 ரூபாய். கார் அப்போது ஏழு வருடப் பழசு என்பதால் தேய்மானம் 40 சதவீதம். 7,600 ரூபாயை நான் கட்டினேன். மீதி 11,400 ரூபாயை இன்சூரன்ஸ் நிறுவனம் கேஷ்லெஸ் முறையில் ஒர்க்‌ஷாப்புக்கே கொடுத்துவிட்டது. மாட்டியிருந்ததோ ஏதோ ஒரு சிவப்புக் காரிலிருந்து கழற்றிய கதவு. பிறகு சென்னையில் பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் விசாரித்தேன். அதே மாடல் கதவுக்கு 6,000 ரூபாய் சொன்னார்கள்.

அந்தக் கதவின் மீது எனக்கு வருத்தமில்லை. கார் தயாரித்த அதே கம்பெனியின் தகடு. பூட்டு சரியாக விழுகிறது, கண்ணாடி சிக்காமல் ஏறி இறங்குகிறது. பெயர் தெரியாத டூப்ளிகேட் பாகத்தைவிட இது எவ்வளவோ மேல். பழைய பாகத்தைப் புதிது என்று பில் போட்டதுதான் குற்றம். அதைவிடப் பெரிய கோளாறு, பழைய பாகத்தைப் பழையது என்று சொல்லியே மாட்டுவதற்கு நம் இன்சூரன்ஸ் நடைமுறையில் தெளிவான வழி இல்லாதது.

தேய்மானத்தை ஏன் பிடிக்கிறார்கள்? உங்கள் கதவு ஏழு வருடம் உழைத்தது. அதற்குப் பதில் புத்தம்புதுக் கதவு கிடைத்தால் விபத்தினால் உங்களுக்கு லாபம் வந்துவிடுகிறது. இழப்பை ஈடுகட்டுவதுதான் காப்பீடு, அதற்கு மேல் தருவதல்ல. கொள்கை நியாயமானதுதான். மோட்டார் டாரிஃப் காலத்திலிருந்து தொடரும் அட்டவணைப்படி, ஆறு மாதம் வரையான காருக்கு உலோகப் பாகங்களில் கழிவு இல்லை. பிறகு 5, 10, 15, 25, 35 என்று ஏறி, ஐந்து வருடம் தாண்டினால் 40, பத்து தாண்டினால் 50 சதவீதம். பம்பர் போன்ற பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கும் டயருக்கும் பேட்டரிக்கும் ஏர்பேக்குக்கும் வயது பார்ப்பதே இல்லை, நேராக 50. கண்ணாடிக்கு மட்டும் கழிவு கிடையாது.

ஏழு வருடக் கதவின் இடத்தில் ஏழு வருடக் கதவையே மாட்டினால் யாருக்கு என்ன கூடுதல் லாபம்? எதற்குத் தேய்மானம்? என் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கதவை வெளிப்படையாக மாட்டி, அதன் விலை 6,000 ரூபாயை நிறுவனமே முழுதாகக் கொடுத்திருந்தால் அதற்கு 5,400 ரூபாய் மிச்சம். எனக்கு 7,600 மிச்சம். மறைத்துச் செய்ததால் அந்த 13,000 ரூபாயும் ஒர்க்‌ஷாப்புக்காரர் கைக்குப் போனது. நிறுவனமும் நானும் சேர்ந்தே ஏமாந்தோம்.

பழைய பாகம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ரிப்பேர் செலவு காரின் காப்பீட்டு மதிப்பில், அதாவது ஐடிவியில், 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை முழு இழப்பு என்று தீர்த்துவிடுகிறார்கள். அந்தக் கார் உடைந்த நிலையிலேயே விலைபோகிறது. முன்பக்கம் நொறுங்கிய காரின் பின்கதவுகளும் டிக்கியும் டெயில் லேம்ப்பும் கீறல்கூட இல்லாமல் இருக்கும். அவைதான் புதுப்பேட்டைக்கும் டில்லி மாயாபுரிக்கும் போய், மெக்கானிக்குகள் கை வழியாக நம் கார்களுக்கே திரும்புகின்றன. தன் க்ளெய்மில் கழிந்த காரின் கதவு தன் இன்னொரு க்ளெய்முக்குள் திருட்டுத்தனமாக நுழைவதை இன்சூரன்ஸ் துறை பார்த்துக்கொண்டிருக்கிறது.

இந்த இருட்டில் திருட்டு வண்டியும் சேர்ந்துகொள்கிறது. நிரந்தரமாகப் பயன்படாது போன வாகனத்தைப் பற்றி 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆவது பிரிவு. ஒப்படைக்காத ஆர்.சி. திருட்டுக் காருக்கு முகவரியாகிவிடும். எந்தக் காரிலிருந்து வந்தது என்று எழுதாத கதவு, நேற்று தெருவோரத்தில் காணாமல்போன காரினுடையதாகவும் இருக்கலாம். இதற்காகப் புதுப்பேட்டை வியாபாரிகள் எல்லோரையும் சந்தேகத்தோடு பார்ப்பது அநியாயம். இந்த பானட் இந்த மாடலின் எந்த வருடத்துக்குப் பொருந்தும் என்று கைவிரலால் தடவியே சொல்லிவிடும் அறிவு அங்கே இருக்கிறது. இல்லாதது ரசீதும் பதிவேடும்தான்.

பழைய பாகத்தை வெளிப்படையாக மாட்டுவதை பிரான்ஸ் சட்டமாகவே செய்துவிட்டது. 2017 ஜனவரி 1 முதல் அங்கே பட்டறைகள், குறிப்பிட்ட வகைப் பாகங்களுக்கு, பழைய பாகம் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பையும் வாடிக்கையாளருக்குச் சொல்லியாக வேண்டும். அங்கீகாரம் பெற்ற கழிவு வாகன மையங்களில் கழற்றியவை அந்தப் பாகங்கள். பிரேக், ஸ்டீரிங் போன்றவற்றில் தேயக்கூடிய உறுப்புகளுக்கு இடமில்லை.

நமக்கும் அப்படி ஒரு கோடு வேண்டும். கதவு, பானட், டிக்கி, மட்கார்டு, பம்பர், விளக்கு, கண்ணாடி ஆகியவை பழையதாக இருக்கலாம். ஏர்பேக், சீட் பெல்ட், பிரேக், ஸ்டீரிங் ஆகியவற்றில் பழையது என்ற பேச்சே கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கின என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். மூழ்கிய காரின் கதவு துருப்பிடிக்காமல் இருந்தால் உதவும். அதன் ஒயரிங்கும் சென்சாரும் ஈ.சி.யு.வும் ஒருபோதும் வேறொரு காருக்குள் போகக் கூடாது.

புதிய பாகம் ஏன் இந்த விலை விற்கிறது என்ற கேள்வியும் இதோடு ஒட்டியதே. ஒரிஜினல் உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் தடுத்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பூட்டிய சந்தைக்குப் பக்கத்தில், ரசீதோடு இயங்கும் பழைய பாகச் சந்தை ஒன்று இருந்தால் புதியதன் விலைக்கும் ஒரு கடிவாளம் கிடைக்கும்.

இன்சூரன்ஸ் நிறுவனங்கள் இதைச் சாக்காக வைத்து எல்லோர் தலையிலும் பழையதைக் கட்டிவிடுமே என்ற பயம் நியாயமானது. தேய்மானம் பிடிக்காத ஜீரோ டெப்ரிசியேஷன் பாலிசிக்குக் கூடுதல் பிரீமியம் கட்டியவருக்குப் புதிய பாகம்தான் உரிமை. இரண்டு வருடக் காருக்குப் பழைய கதவைப் பற்றிப் பேசவே கூடாது. எதுவானாலும் வண்டிக்காரரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் நடக்கக் கூடாது. சம்மதித்தால் அந்தப் பாகத்துக்குத் தேய்மானம் பிடிக்கக் கூடாது. அது எந்த வண்டியின் பாகம் என்பது பில்லில் இருக்க வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. இவற்றையெல்லாம் விதியாக்க வேண்டும். 2021இல் வந்த வாகனக் கழிப்பு மைய விதிகளால் முறையாகக் கழற்றும் இடங்கள் உருவாகத் தொடங்கிவிட்டன. பாகத்துக்குப் பிறப்புச் சான்று தருவது இனி முடியாத காரியமல்ல.

விதி வரும்வரை நாம்தான் விழிப்பாக இருக்க வேண்டும். கழற்றிய பாகத்தையும் மாட்டப்போகும் பாகத்தையும், பெயின்ட் அடிக்கும் முன், நேரில் பாருங்கள். புதியது என்றால் அதன் பெட்டியையும் லேபிளையும் காட்டச் சொல்லுங்கள். சர்வேயரின் மதிப்பீட்டு நகலைக் கேட்டு வாங்கிப் பில்லோடு ஒப்பிடுங்கள். இந்த மூன்றில் ஒன்றைக்கூட அன்று நான் செய்யவில்லை.