கொட்டகை விளக்கு: விழாவா, வேலையா?

பீகாரில் ஜகானாபாத் மாவட்டத்தில் தர்ணாய் என்றோர் ஊர் உண்டு. கம்பி மின்சாரம் இன்றிப் பல்லாண்டு இருளில் கிடந்த ஊர் அது. 2014-ஆம் ஆண்டு ஜூலை மாதம் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று முன்னின்று அங்கே 100 கிலோவாட் ஆற்றலுள்ள சூரிய மின் நிலையத்தை நிறுவிற்று. செய்தித்தாள்கள் பாராட்டி எழுதின. மூன்று ஆண்டுகள் செல்வதற்குள் பேட்டரிகள் தளர்ந்தன. அதற்கிடையில் அரசின் கம்பி மின்சாரமும் அதைவிட மலிவான விலையில் ஊருக்குள் வந்தது. பழுது பார்ப்பார் இல்லாது போயினர். 2021-ஆம் ஆண்டு வாக்கில் அந்நிலையத்தில் மாடுகளைக் கட்டியிருக்கிறார்கள் என்று செய்தியாளர்கள் எழுதினார்கள்.

சூரிய மின் நிலையம் மாட்டுக் கொட்டகையான கதை இது. நாமோ இப்போது ஒரு மாட்டுக் கொட்டகைக்குச் சூரிய மின்சாரம் கொண்டு செல்லப் புறப்பட்டிருக்கிறோம். ஆதலால் இக்கதையை நம் சங்கத்து நண்பர்கள் ஒரு முறைக்கு இரு முறை நினைத்துப் பார்ப்பது நல்லது.

ஆற்றுக்கு நடுவே மணல் மேடிட்டு எழுந்த நிலத்தை இந்தப் பக்கத்தார் 'தியாரா' என்பர். அங்கே எருமை கட்டும் இடத்திற்குப் 'பதான்' என்று பெயர். நம் ஊரில் பட்டி என்றும் கிடை என்றும் சொல்வோமே, ஏறக்குறைய அதுதான். நம் தொண்டர் குழு ஞாயிறுதோறும் சென்றுவரும் பதானில் ஐந்து குடும்பத்தார் சேர்ந்து ஒரு நீண்ட கொட்டகை போட்டிருக்கிறார்கள். அங்கே மின்கம்பம் இல்லை. இனி வரும் என்று நம்புவதற்கும் இடமில்லை. ஆறு ஆண்டுதோறும் கரையை மாற்றிக்கொண்டு ஓடுகிறது. கம்பத்தை எங்கே நடுவது? இந்தியாவின் கடைசிச் சிற்றூருக்கும் மின்சாரம் சென்று சேர்ந்துவிட்டது என்று 2018-ஆம் ஆண்டு ஏப்ரலில் அரசு அறிவித்தது. ஊர்க் கணக்கில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஊர் வேறு, கொட்டகை வேறு. கொட்டகைகள் அந்தக் கணக்கில் வருவதில்லை.

ஆகவே இந்த இடத்திற்குச் சூரிய மின்சாரம் பொருத்தமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. கம்பி இருநூறு அடியில் இருக்கும் கொட்டகை என்றால், சூரியனைத் தொல்லை செய்யாமல் கம்பியையே இழுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். பேட்டரி என்பது கம்பி எட்டாத இடத்திற்கே உரிய செலவு. தியாராவில் கம்பி எட்டாது. வழக்கு அங்கேயே முடிந்தது.

நான் மறுப்பது செயற்குழுவில் பெரும்பாலோர் விரும்பும் அளவையும் முறையையும்தான். ஒரு கிலோவாட் பேனல், பெரிய இன்வெர்ட்டர், நான்கு பேட்டரி, கான்கிரீட் மேடை, மேடைமேல் சங்கத்தின் பெயர்ப்பலகை, துணைவேந்தர் தலைமையில் திறப்பு விழா. சேர்ந்துள்ள பணம் முழுவதும் இதிலேயே போய்விடும். பெயர்ப்பலகைக்குக் கூட மதிப்பீடு வாங்கியிருக்கிறார்கள். பேட்டரிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

முதலில் அந்தக் கொட்டகைக்கு வேண்டியது என்ன? பதானில் இருக்கும் முதியவரிடம் "எத்தனை விளக்கு வேண்டும், சாச்சா?" என்று கேட்டேன். அவர் விரல் விட்டு எண்ணினார். ஈனும் எருமையைக் கட்டும் மூலையில் ஒன்று. விடியுமுன் பால் கறக்கும் இடத்தில் ஒன்று. தீவனத் தொட்டி ஓரம் ஒன்று. மழைக்காலத்தில் பாம்பு வருவதால் வாசலில் ஒன்று. பிறகு, வைகாசி வெயிலில் எருமைக்கு மூச்சு வாங்குகிறது, இரண்டு விசிறி இருந்தால் புண்ணியம் என்றார். எருமையின் கருந்தோலில் வியர்வைச் சுரப்பி குறைவு, வெக்கையை அது பசுவைப் போலத் தாங்காது, பாலும் குறையும்.

இதைக் கணக்காக எழுதுவோம். 9 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு, மாலையும் விடியலுமாக ஆறு மணி நேரம்: 216 வாட்-மணி. 30 வாட்டில் ஓடும் புதுவகை பி.எல்.டி.சி. விசிறி இரண்டு, எட்டு மணி நேரம்: 480. கைப்பேசிக்கு 30. கோடையில் நாளொன்றுக்கு மொத்தம் 726 வாட்-மணி. குளிர்காலத்தில் விசிறி இல்லை, எனவே 246 மட்டுமே. வயரிலும் பேட்டரியிலும் தூசியிலும் நூற்றுக்கு முப்பது போகும் என்று வைத்தால், பேனல் தரவேண்டியது கோடையில் 1037, குளிரில் 351.

இங்கே இயற்கை நமக்கு ஓர் உதவி செய்கிறது. விசிறி வேண்டிய காலத்தில் வெயிலும் மிகுதி. வெயில் இல்லாத காலத்தில் விசிறி வேண்டா. 330 வாட் பேனல் ஒன்று, முழு வெயில் நாலரை மணி நேரத்திற்குச் சமமாகக் காய்ந்தால் 1485 வாட்-மணி தரும். கோடைத் தேவைக்கு மேலேயே ஆயிற்று. மார்கழி, தை மாதங்களில் இந்தச் சமவெளியில் விழும் மூடுபனியை நம் விடுதிச் சன்னல் வழியே எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்நாட்களில் வெயில் ஒன்றரை மணிக்குச் சமமாகக் கிடைத்தாலும் 495 வரும், அதுவும் போதும். சூரியன் முகமே காட்டாத நாட்களுக்குத்தான் பேட்டரி. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரி ஒன்றில் 1800 வாட்-மணி இருக்கும். அதில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். எனவே 900 என்று கொள்வோம். குளிர்காலக் கணக்கில் மூன்று இரவுக்கு மேல் வரும்.

ஆக, ஒரு பேனல், ஒரு பேட்டரி. ஒரு கிலோவாட் எங்கே, இது எங்கே!

நண்பர்கள் இதற்குச் சொல்லும் மறுமொழி, தீவனம் வெட்டும் இயந்திரம். அதை இங்கே 'குட்டி' இயந்திரம் என்கிறார்கள். நம் காதில் அது சிறியது போல ஒலிக்கிறது. உண்மையில் அதன் மோட்டார் இரண்டு குதிரைத்திறன், ஏறக்குறைய 1500 வாட்; ஓடத் தொடங்கும் நொடியில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். அந்த ஒரு நொடிக்காக இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் பெருக்குவது, ஆண்டுக்கொரு முறை வரும் விருந்தாளிக்காகத் திருமண மண்டபம் கட்டுவது போன்றது. கைச்சக்கரம் வைத்த வெட்டுக் கருவி அங்கே ஏற்கெனவே இருக்கிறது.

இந்த இயந்திரத்துக்கு வழி வேறு. 2019-இல் தொடங்கிய பிரதமர் குசும் திட்டத்தில், கம்பி எட்டாத நிலங்களுக்கு 7.5 குதிரைத்திறன் வரையுள்ள சூரிய நீரிறைப்பு இயந்திரத்திற்கு மத்திய அரசு நூற்றுக்கு முப்பதும் மாநில அரசு முப்பதும் தர, எஞ்சியதை உழவர் தருவது என்று வகுத்தார்கள். பாசனம் வேண்டாத நாட்களில் அந்தப் பேனல்கள் சும்மா வெயில் காய்கின்றன. அதே மின்சாரத்தைத் தீவன வெட்டிக்கும் மாவு அரைக்கும் இயந்திரத்திற்கும் திருப்பிவிடும் கட்டுப்பாட்டுக் கருவி உண்டு. திட்டமும் அதை அனுமதித்தது. ஆனால் பம்பு கேட்ட அளவுக்கு அதை யாரும் கேட்டு வாங்குவதாகத் தெரியவில்லை. கரையோரத்தில் பம்பு வைத்திருக்கும் உழவர்களுக்காக நாம் மனு எழுதலாம். இந்தி நன்றாக எழுதும் நண்பர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அது கொட்டகை விளக்கோடு கலக்க வேண்டிய வேலை அன்று.

கான்கிரீட் மேடைக்கு வருகிறேன். ஆவணி வெள்ளத்தில் தியாரா மூழ்கும். பதான்காரர்கள் எருமைகளை ஓட்டிக்கொண்டு கரை அணைக்கு ஏறிவிடுவார்கள். மூங்கிலையும் கூரையையும் கழற்றித் தோணியில் ஏற்றுவார்கள். நம் கான்கிரீட் மேடை மட்டும் துணைவேந்தர் பெயரோடு நீருக்குள் நிற்கும். பேனல் சுமார் இருபது கிலோ. இரண்டு பேர் தூக்கலாம். போல்ட் கழற்றினால் பிரியும் இரும்புச் சட்டத்தில், தெற்கு நோக்கி இருபத்தைந்து பாகை சாய்வாக நிறுத்தினால் வெள்ளத்தின்போது அதுவும் தோணி ஏறும். அணைமேல் இருக்கும் இரண்டு மாதமும் விளக்கு எரியும். கொட்டகைக் கூரைமேல் பேனலை வைக்கவேண்டாம். நாணல் கூரை புயற்காற்றைத் தாங்காது.

இன்வெர்ட்டரே வேண்டாம் என்பது என் கருத்து. 230 வோல்ட் வயர், ஈரத் தரை, சங்கிலியில் கட்டிய எருமை, மூன்றும் சேர்வது நல்லதன்று. மனிதருக்குத் தெரியாத சிறு மின்கசிவையும் மாடு உணர்ந்து மிரளும். விளக்கும் விசிறியும் 12 வோல்ட்டிலேயே கிடைக்கின்றன. ஆனால் 12 வோல்ட்டுக்கு ஒரு குணம் உண்டு. 100 வாட்டுக்கு 230 வோல்ட்டில் அரை ஆம்பியர் கூட ஓடாது. 12 வோல்ட்டில் எட்டு ஆம்பியருக்கு மேல் ஓடும். வீட்டு விளக்குக்குப் போடும் மெல்லிய வயரைப் போட்டால் கொட்டகைக் கோடியில் உள்ள விளக்கு மங்கும். 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் வேண்டும். இன்னொன்று: 330 வாட் பேனல் ஏறத்தாழ 37 வோல்ட்டில் வேலை செய்வது. அதை மலிவான பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் வழியாக 12 வோல்ட் பேட்டரியில் இணைத்தால் பாதிக்கு மேல் வீணாகும். எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் விலை கூடுதல், அதையே வாங்குவோம். மூத்திர ஆவியில் உள்ள அம்மோனியா செம்பை அரிக்கும். ஆகையால் கன்ட்ரோலரும் பேட்டரியும் கொட்டகைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள தனிப்பெட்டியில் இருக்கட்டும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். அதன் அருகே பீடி பற்ற வைக்கக்கூடாது என்பதை சாச்சாவிடம் சொல்லும் பொறுப்பை வேறு யாராவது ஏற்றுக்கொள்ளுங்கள்.

இவையெல்லாம் பொறியியல் மாணவருக்குத் தெரிந்தவையே. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது பணத்தைப் பற்றி. நாம் இங்கே இருப்பது இன்னும் இரண்டு ஆண்டு. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஈயப் பேட்டரி நான்கைந்து ஆண்டு உழைக்கும். அது ஓயும்போது நாம் பெங்களூரிலோ புனேயிலோ வேலை பார்த்துக்கொண்டிருப்போம். அப்போது புதுப் பேட்டரிக்கு யாரிடம் பணம் இருக்கும்? ஒரு பேட்டரி இன்றைய விலையில் ஏறத்தாழ 15,000 ரூபாய். அறுபது மாதத்திற்குப் பிரித்தால் மாதம் 250. ஐந்து குடும்பத்திற்கு ஆளுக்கு 50 ரூபாய்.

"ஏழை மாட்டுக்காரரிடம் காசு வாங்குவதா? இதுவா தொண்டு?" என்று தோழர் ஒருவர் என்மேல் சினந்தார். அவர் சினம் நல்ல உள்ளத்திலிருந்து வந்தது. ஆனால் 50 ரூபாய் என்பது அவர்கள் விற்கும் எருமைப் பாலில் ஒரு லிட்டரின் விலைகூட இல்லை. இப்போதே டார்ச் விளக்குக்கு அவர்கள் செலவு செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒன்றும் வாங்காமல் விட்டால் பேட்டரி சங்கத்தின் பொருளாகவே இருக்கும். சங்கத்தின் பொருள் பழுதானால் சங்கம் வரட்டும் என்று காத்திருப்பார்கள். அதில் தவறும் இல்லை. அந்தப் பணம் நம் கையில் வரவேண்டாம். அஞ்சலகத்தில் ஐவரில் இருவர் பெயரில் கூட்டுக் கணக்காக இருக்கட்டும்.

லித்தியம் பேட்டரி வாங்கினால் தண்ணீர் ஊற்றும் தொல்லை இல்லையே என்பார்கள். உண்மை, அது நீண்ட நாள் உழைக்கவும் செய்யும். ஆனால் கெட்டால் பக்கத்துச் சந்தையில் பழுது பார்ப்பார் கிடைப்பது அரிது. ஈயப் பேட்டரியை டிராக்டர் மெக்கானிக்கும் அறிவார். பழையதை எடைக்குப் போட்டாலும் விலை கிடைக்கும். இன்று என் வாக்கு ஈயத்திற்கே.

செயற்குழுவில் நான் முன்மொழியப் போவது இது: 330 வாட் பேனல் ஒன்று, எம்.பி.பி.டி. கன்ட்ரோலர், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று, விளக்கு நான்கு, விசிறி இரண்டு, தடித்த வயர், பேட்டரி முனையருகே பியூஸ், பிரித்தெடுக்கும் சட்டம். எஞ்சும் பணத்தில் முதல் ஆண்டுக்குரிய பேட்டரிப் பங்கை அஞ்சலகக் கணக்கில் நாமே போடுவோம். பதானின் இளைஞர் இருவர் நம் ஆய்வுக்கூடத்திற்கு வந்து நான்கு ஞாயிறு பேட்டரிநீர் ஊற்றவும், முனை துடைக்கவும், பியூஸ் மாற்றவும் பழகட்டும். பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும், ஆற்றுநீர் ஆகாது. அதற்கு ஐந்து லிட்டர் கேன் இரண்டு. திறப்பு விழாவுக்கு ஒதுக்கீடு இல்லை. மாற்றுக் கருத்துடைய நண்பர்கள் கூட்டத்திற்கு வரும்போது தங்கள் ஒரு கிலோவாட்டுக்கும் இதே போல் ஒரு கணக்கை எழுதிக்கொண்டு வரட்டும்.