ஒரு நாள் கணக்கு யாருக்கு லாபம்?

கோடியக்கரைச் சதுப்பில் எத்தனை பறவைகள் என்று கேட்டால், சில கனவான்கள் சட்டென்று ஒரு எண்ணைச் சொல்கிறார்கள். ஜனவரியில் ஒரு நாள் காலை தொலைநோக்கியில் எண்ணிய எண் அது. அதற்கு மேல் ஒரு பறவையும் கிடையாது என்பது அவர்கள் வாதம். இது தவறான வாதம் மட்டுமல்ல, ஆபத்தான வாதமும் ஆகும் என்று நாம் சொல்கிறோம்.

உப்பளத் தொழிலாளிக்கு இது எளிதில் விளங்கும். பத்து நாளுக்கு நூறு பேர் கொண்ட ஒரு கோஷ்டியாக, ஆறு கோஷ்டிகள் வந்துபோன களம். முதலாளி ஒரு நாள் மஸ்டர் ரோலைக் காட்டி, "வேலை செய்தது நூறு பேர்தான்" என்றால் நாம் ஒப்புவோமா? அறுநூறு பேருக்கும் கூலி எங்கே என்று கேட்கமாட்டோமா? பறவை விஷயத்தில் மட்டும் கணிதம் மாறிவிடுமா?

சைபீரியாவில் குஞ்சு பொரித்த உள்ளான்கள் வடகிழக்கு மழைக்கு முன்பே இங்கே இறங்கத் தொடங்குகின்றன. சில மார்ச் வரை தங்கும். சில, சேற்றுப் புழுவைத் தின்று கொழுப்பேற்றிக்கொண்டு கடல் தாண்டி இலங்கைக்குப் போய்விடும். அந்த இடத்தில் அடுத்த கூட்டம் வந்து அமரும். ஜனவரிக் கணக்கில் இவை எங்கே?

கணக்கிட வழி இல்லாமல் இல்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் நெடுங்காலமாக இங்கே பறவைகளின் காலில் வளையம் பூட்டி வந்திருக்கிறார்கள். அடையாளமிட்ட பறவை எத்தனை நாள் கண்ணில் படுகிறது என்று கவனித்தால், சராசரித் தங்கலை மதிப்பிடலாம். தினசரி எண்ணிக்கைகளைக் கூட்டி, தங்கல் நாட்களால் வகுக்க வேண்டும். தினம் 1,000 வீதம் 60 நாள், தங்கல் 10 நாள் என்றால் வந்துபோனவை 6,000.

நம் நண்பர்கள் சிலர் வகுக்காமலே 60,000 என்று முழங்குகிறார்கள். அது ஒரே பறவையைப் பத்து முறை எண்ணுவது. வளையம் பூட்டுமுன் பறவை எத்தனை நாள் இருந்தது என்பதையும் மறந்தால் தங்கல் குறையும், மொத்தம் ஊதிவிடும். பொய்க்கணக்கு எதிரியின் கையில் நாமே கொடுக்கும் ஆயுதம்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். 20,000 நீர்ப்பறவைகளை முறையாகத் தாங்கும் சதுப்பு, அல்லது ஒரு பறவைத் தொகையில் நூற்றில் ஒன்றைத் தாங்கும் சதுப்பு சர்வதேச முக்கியத்துவம் உள்ளது என்பது ராம்சார் ஒப்பந்தத்தின் அளவுகோல். வந்துபோகும் பறவைகளையும் கருத வேண்டும் என்று அதன் வழிகாட்டு விதிகளே கூறுகின்றன. கோடியக்கரை 2002-ல் அந்தப் பட்டியலில் ஏறிவிட்டது. ஏறாத சதுப்புகள் எத்தனை! அங்கெல்லாம் குறைந்த எண் என்றால் குறைந்த பாதுகாப்பு. குறைந்த பாதுகாப்பு என்றால் நிலத்துக்குக் காத்திருப்பவனுக்கு லாபம்.

தென்கொரியாவின் சேமாங்கும் கழிமுகத்தை 2006-ல் 33 கிலோமீட்டர் சுவரெழுப்பி அடைத்தார்கள். பறவைகள் பக்கத்துக் கழிமுகங்களுக்குப் போய்விடும் என்றார்கள். போகவில்லை. அங்கே பெருங்கூட்டமாகத் தங்கிப்போன கிரேட் நாட் என்னும் உள்ளான் 2015-ல் அழிவை எதிர்நோக்கும் இனமாக அறிவிக்கப்பட்டது. வழிச்சத்திரத்தை இடித்தால் வழிப்போக்கன் வேறு சத்திரம் தேடிக்கொள்வான் என்பது, பசியறியாதவன் பேச்சு.

ஆகவே நாம் கோருவது இதுதான்: பருவம் முழுவதும் எண்ணுங்கள். தங்கலைக் கணக்கிடுங்கள். ஒற்றை எண்ணோடு நிறுத்தாமல், குறைந்தபட்சமும் அதிகபட்சமும் சொல்லுங்கள். சதுப்பில் தினமும் கால் நனைக்கும் உப்பளத் தொழிலாளரையும் மீனவரையும் கூலி கொடுத்து அந்த வேலையில் சேருங்கள். அதுவரை, ஒரு நாள் கணக்கைக் காட்டி எந்தச் சதுப்பிலும் ஒரு கூடை மண் கொட்ட விடக்கூடாது!