கூட்டுத் தொகையில் நேரும் பிழைகள்

கிராமக் கணக்குகள் யாவும் சரியாயிருந்தும் ஜில்லாக் கணக்கு தவறாக முடியக் கூடும் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. தொகை தவறினால் உடனே கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலைக் குறை கூறுவது வழக்கமாகிவிட்டது. 1980-ஆம் வருஷத்தில் கர்ணம் பதவி ஒழிக்கப்படும் வரையில் அந்தப் பழி கர்ணத்தின் தலையில் விழுந்து வந்தது. இப்பொழுது கணக்குகளைத் திரட்டும் வேலை கம்ப்யூட்டரிடம் ஒப்புவிக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் பிழை பெரும்பாலும் எழுதுமிடத்தில் அன்று, திரட்டுமிடத்திலேயே உண்டாகிறது என்பதை அதிகாரிகள் இன்னும் போதிய அளவு உணர்ந்ததாகத் தெரியவில்லை.

சராசரியை எடுத்துக் கொள்வோர் செய்யும் பிழையே இவற்றுள் மிகவும் கொடியது. ஒரு பிர்க்காவில் இரண்டு கிராமங்கள் உள்ளனவென்று வைத்துக் கொள்ளலாம். ஒன்றில் 900 ஏக்கர் நெல், ஏக்கருக்கு விளைவு 1,600 கிலோ. மற்றொன்றில் 100 ஏக்கர், விளைவு 2,400 கிலோ. இரு சராசரிகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 2,000 கிலோ வரும். மொத்த விளைவை மொத்த ஏக்கரால் வகுத்தாலோ 1,680 கிலோதான். 2016-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், வரம்பு மகசூலைவிட உண்மை மகசூல் எவ்வளவு குறைந்ததோ அந்த விகிதப்படியே நஷ்ட ஈடு கணக்கிடப்படுகிறது. வரம்பு 2,000 கிலோ என்று இருக்குமானால், சரியான சராசரிப்படி காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு 16 பங்கு கிடைக்க வேண்டும். தவறான சராசரிப்படி ஒரு காசும் இல்லை. வகுத்தலில் நேர்ந்த பிழை குடியானவனுடைய வயிற்றில் அடிப்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

அடுத்தது, ஜாபிதாக்களை இணைக்கும்போது நேரும் பெருக்கம். 5 ஏக்கர் கொண்ட ஒரு சர்வே எண்ணுக்கு மூன்று கூட்டுப் பட்டாதார்கள் இருந்தால், நில ஜாபிதாவையும் பட்டாதார் ஜாபிதாவையும் இணைத்தவுடன் அந்த 5 ஏக்கர் மூன்று வரிகளில் தோன்றும். கூட்டினால் 15 ஏக்கர் ஆகும். யந்திரம் பொய் சொல்லவில்லை, கொடுத்ததைக் கூட்டியது. இதைக் கண்டவர்களிற் சிலர், ஒரே மாதிரியான தொகைகளை ஒருமுறை மட்டும் எண்ணும்படி கட்டளையிட்டுத் தொல்லை தீர்ந்ததென்று இருந்துவிடுகிறார்கள். இது நோயைவிடக் கேடான மருந்து. வெவ்வேறான இரு நிலங்கள் தற்செயலாக 2 ஏக்கராகவே இருந்தால் அவற்றுள் ஒன்று கணக்கினின்றும் மறைந்துபோகும். இணைக்கும் முன்பே ஒரு சர்வே எண்ணுக்கு ஒரு வரி என்று சுருக்கிக்கொள்வதே முறை.

இருபோக நிலத்தை மொத்தச் சாகுபடியில் இருமுறை எண்ணுவது நியாயம். நிகரச் சாகுபடியில் அப்படி எண்ணலாகாது. பசலி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிவது. அதை மறந்து ஆங்கில வருஷப்படி பிரித்தால் சம்பாவின் பரப்பு ஒரு வருஷத்திலும் விளைவு மறு வருஷத்திலும் போய்ச் சேரும். அறிக்கை அனுப்பாத கிராமத்தை வெறுமையாக விடாமல் பூஜ்யமாக ஏற்றிச் சராசரியைக் கெடுப்பதும் உண்டு.

பிழையைத் தேடுகிறவர் ஜில்லாத் தொகையினின்று கீழே இறங்குவதைக் காட்டிலும், ஒரே கிராமத்தை எடுத்துக் கையால் கூட்டிப் பார்ப்பது நலம். கிராமத்தின் மொத்தப் பரப்பு ஏ பதிவேட்டில் இருக்கிறது. சாகுபடி, தரிசு, புறம்போக்கு முதலிய இனங்களின் நிகரப் பரப்புகள் சேர்ந்து அதற்கு மிஞ்சுமானால் எங்கோ இரட்டிப்பு நேர்ந்திருக்கிறது. பிறகு பிர்க்கா, அதன் பிறகு தாலுகா. எந்தப் படியில் வித்தியாசம் தோன்றுகிறதோ அந்தப் படியில்தான் குற்றம். பழைய குமாஸ்தாக்கள் நெடுக்கும் குறுக்கும் கூட்டி இரண்டும் ஒத்தால்தான் கையெழுத்திட்டார்கள். கம்ப்யூட்டர் வந்ததனால் அந்த வழக்கத்தைக் கைவிட்டது ஏன் என்று விளங்கவில்லை.

இலாகா வெளியிடும் ஒவ்வொரு தொகையின் பக்கத்திலும் எத்தனை கிராமங்கள் அதில் அடங்கின, எத்தனை வரவில்லை என்பதை அச்சிட வேண்டும். நஷ்ட ஈடு முடிவாகும் முன்னரே அந்தந்தப் பிர்க்காவின் பரப்பையும் விளைவையும் கிராமச் சாவடியில் ஒட்டிவிட்டால், தன் ஊரின் ஏக்கரை விரலில் எண்ணி வைத்திருக்கும் குடியானவனே முதல் தணிக்கையாளனாவான்.