லைசென்ஸில் என்ன எழுதியிருக்கிறது?

'அகதிக்கு எதுக்கு சார் லைசென்ஸ்?'

சிவகாசி பக்கம் ஒரு டீக்கடையில் காதில் விழுந்த கேள்வி. கேட்டவர் நல்ல மனிதர்தான். ஈழத்துக்காக உண்ணாவிரதப் பந்தலில் உட்கார்ந்தவராகக்கூட இருக்கலாம். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தமிழன் என்றால் நமக்குப் பாசம் பொங்கும். ஆனைக்குட்டத்திலும் குல்லூர்சந்தையிலும் முகாமில் இருக்கிறவன் என்றால் சந்தேகம்!

உங்கள் பர்ஸில் இருக்கிற லைசென்ஸை எடுத்துப் பாருங்கள். 'இவர் இந்தியக் குடிமகன்' என்று எங்காவது போட்டிருக்கிறதா? வண்டி ஓட்டத் தெரியும், அவ்வளவுதான். 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம் கேட்பது வயது, முகவரி, உடல் தகுதி, அப்புறம் 'எட்டு' போட்டுக் காட்டுவது. வெளிநாட்டவர்தானே, பாஸ்போர்ட்டும் விசாவும் எங்கே என்று கவுன்ட்டரில் கேட்டால், குண்டுக்குப் பயந்து ராத்திரியில் படகேறியவர் எதைக் காட்டுவார்? முகாமிலேயே பிறந்த பிள்ளை எதைக் காட்டும்?

'யார் எவர்னு தெரியாதவங்களாச்சே?' என்பீர்கள். சரியாப் போச்சு! முகாம்காரரைவிட அதிகம் பதிவானவர் இந்த மாவட்டத்தில் யார்? குடும்ப அட்டை, மாதாமாதம் உதவித்தொகை, ஆள் கணக்கெடுப்பு, வெளியூர் போனால் தகவல், கியூ பிராஞ்ச் கண், இப்போது ஆதார். நீங்களும் நானும் மூன்று மாதம் காணாமல் போனால் அரசாங்கத்தில் ஏன் என்று கேட்க நாதியில்லை.

இத்தனை பதிவு இருந்தும், 2003-ல் திருத்திய குடியுரிமைச் சட்டத்தின்படி, ஆவணமில்லாமல் வந்தவர் சட்டவிரோதக் குடியேறி. 2019 திருத்தத்தில் மூன்று நாடுகளுக்குக் கதவு திறந்தது. இலங்கை அதில் இல்லை. 2025-ல் ஒரு சின்ன தயவு. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை கிடையாது. இருக்கலாம், குடிமகனாக முடியாது.

சரி, அது டெல்லி விவகாரம். ரோடு நம் விவகாரம். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டிய வண்டி உங்கள் மேல் மோதினால், இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் எடுத்துப் போடும் வாதமே அதுதான். 'முதலில் கொடு, அப்புறம் வண்டிக்காரரிடம் வசூல் பண்ணிக்கொள்' என்று கோர்ட் சொல்வதற்குள், கால் போனவருக்கு வருஷங்கள் போய்விடும். இதனால்தான் கலிஃபோர்னியா 2015 ஜனவரியிலிருந்து ஆவணமில்லாத குடியேறிகளுக்கும் லைசென்ஸ் தருகிறது. கருணையால் அல்ல, கணக்குப் போட்டுத்தான்.

பட்டாசு லோடு ஏற்றும் லாரி டிரைவருக்கு விதி இன்னும் கறார். ஆபத்தான சரக்குக்கென்று மூன்று நாள் தனிப் பயிற்சி வேண்டும், லைசென்ஸில் தனிக் குறிப்பு வேண்டும். ராத்திரி சாத்தூர் ரோட்டில் அந்த லாரி எதிரே வருகிறது. ஸ்டியரிங் பிடித்திருப்பவரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்? பயிற்சி எடுத்தவரா என்றா, யாழ்ப்பாணத்துக்காரரா என்றா?